தேன்கிணற்றார் வகையறாவுக்குக் கிணறு வந்த கதை

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெள்ளைக்கரடு என்கிற ஊரின் மேலத்தெருவில், வெயிலுமுத்துவின் மாவு மில்லுக்கு நேர் எதிரே, முந்தின நாள் சாயந்தரம் வரைக்கும் மினி பஸ் போய்க்கொண்டும் கோழி மேய்ந்துகொண்டும் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டும் இருந்த இடத்தில், ஒரு கிணறு இருந்தது. தோண்டிப் போட்ட மண் கிடையாது, கடப்பாரைச் சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை, தெருநாய்கூடக் குரைக்கவில்லை; காலங்காலமாக அங்கேயே கிடக்கிற கிணறு மாதிரி, உள்சுவரில் பாசி பிடித்து, விளிம்புக் கல்லில் கயிறு இழுத்து இழுத்துத் தேய்ந்த தடத்தோடு, வாசல் தெளிக்கிற நேரத்துக்கு அது பாட்டுக்கு இருந்தது. முதலில் பார்த்தவர் பால்காரர். அவர் சைக்கிளைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போய், எல்லா வீட்டுக்கும் பால் ஊற்றி முடித்துவிட்டு, அதன் பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, "மேலத்தெருவுக்குக் கிணறு ஒண்ணு வந்திருக்கு" என்று சொன்னார்.

யாரும் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. "யாரு வீட்டுக்கு வந்திருக்கு?" என்றுதான் கேட்டார்கள், விருந்தாளி வந்திறங்கினால் கேட்பதுபோல.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வகையறாப் பெயர் உண்டு. மனிதனின் பெயருக்கு முன்னால் அது போகும், கல்யாணப் பத்திரிகையில் தெய்வத்தின் பெயருக்கு அடுத்தபடியாக அது நிற்கும். ஒரே வகையறாக்காரர்கள் எத்தனை ஊரில் சிதறிக் கிடந்தாலும் பங்காளிகள். அவர்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கை. பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். மேலத்தெருவில் பாதி வீடு தேன்கிணற்றார் வகையறா. ஆனால் புளிமூட்டையார் வகையறாவுக்குப் புளி வியாபாரம் இருந்தது, பனையடியார் வகையறாவுக்குப் பனை இருந்தது, தேன்கிணற்றாருக்கு மட்டும் தேனும் இல்லை, கிணறும் இல்லை. ஊர்க்குழாயில் எல்லாரோடும் குடத்தை வரிசையில் வைத்துச் சண்டை போட்டுத்தான் அவர்களும் தண்ணீர் பிடித்தார்கள். "பேரு பெத்த பேரு, தாகத்துக்குத் தண்ணி இல்ல" என்று மற்ற வகையறாக்காரர்கள் பழமொழி சொன்னால், அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கேலிக்கெல்லாம் சிரிக்காதவர் ஒருவர் உண்டென்றால் அது வெயிலுமுத்து. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலில் பொங்கல் இறக்குவதற்கு முன்னால், வகையறா எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதை ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். வழி சொல்லுதல் என்று அதற்குப் பெயர். அவருடைய அய்யா சொன்னார், அய்யாவின் அய்யா சொன்னார், இப்போது அவர் சொல்கிறார். தேன்கிணற்றிலிருந்து புறப்பட்டு, சிப்பிக்கரையில் சுவர் வைத்து, சிப்பிக்கரையில் கடல் ஏறி வந்ததால் புறப்பட்டு, செம்புறைமேட்டில் சுவர் வைத்து, செம்புறைமேட்டில் பெருங்காய்ச்சல் கண்டதால் புறப்பட்டு, சூளைக்காட்டில் சுவர் வைத்து, சூளைக்காட்டில் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டதால் புறப்பட்டு, கருங்கல்பாறையில் சுவர் வைத்து, கருங்கல்பாறையை மழை மறந்ததால் புறப்பட்டு, வெள்ளைக்கரட்டில் சுவர் வைத்தோம், இன்னும் புறப்படவில்லை. இந்த ஊர்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. கேட்பவர்களின் கண் பொங்கல் பானையின் மேல்தான் இருக்கும். ஆனால் வெயிலுமுத்து அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், மில்லில் பெல்ட் ஓடும்போதுகூட வாய்க்குள் சொல்லிக்கொள்வார். மனைவி மாடத்தி செத்துப்போன பிறகு அவருக்கென்று இருந்தவை இரண்டு: மகள் நாகஜோதி, அப்புறம் இந்தப் பெயர்.

ஆகவே கிணறு வந்த அன்று ஊரே அவர் முகத்தைப் பார்த்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "இவ்வளவு தாமசமாவா வார?" என்று கிணற்றைத்தான் கேட்டார்.

இறங்கிப் பார்த்துவிடலாம் என்று குருவையா முன்வந்தார். அவர் வெயிலுமுத்துவுக்குத் தம்பி முறைப் பங்காளி. எந்தத் தலைமுறையில் பிரிந்த பங்காளி என்று இரண்டு பேருக்குமே தெரியாது, ஆனாலும் "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். டிராக்டர் வைத்திருந்ததால் எல்லாக் காரியத்திலும் முன்னால் நிற்கிற பழக்கம் அவருக்கு உண்டு. இடுப்பில் வடக்கயிற்றைக் கட்டி டிராக்டரிலேயே அவரை இறக்கினார்கள். கொஞ்சம் இறங்கியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே, மேல்சுவரு பூராம் கருங்கல்லு!"

"கருங்கல்பாறை" என்றார் வெயிலுமுத்து.

"அதுக்குக் கீழ சின்னச் செங்கல்லு, சூளைச் செங்கல்லு!"

"சூளைக்காடு."

"செம்புறாங்கல்லு, ஓட்டை ஓட்டையா இருக்கு!"

"செம்புறைமேடு" என்று இப்போது அவரோடு சேர்ந்து பத்துப் பேர் சொன்னார்கள்.

"சிப்பியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்ச சுவரு!" என்று ஆழத்திலிருந்து வந்தபோது தெருவே "சிப்பிக்கரை" என்றது. அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, சுவரே இல்லை, வெறும் மண்தான், கை வைத்தால் கதகதப்பாக இருக்கிறது என்றார் குருவையா. அப்படியென்றால் கிணறு இத்தனை காலமும் அவர்கள் பின்னாலேயே வந்திருக்கிறது. அவர்கள் தங்கிய ஊருக்கெல்லாம் வந்து, அந்த ஊர்க் கல்லால் ஒரு சுற்றுச் சுவர் எழுப்பிக்கொண்டு, வந்து சேர்வதற்குள் அவர்கள் கிளம்பிப் போய்விட்டதைத் தெரிந்துகொண்டு, மறுபடியும் தேடிப் புறப்பட்டிருக்கிறது. முப்பிடாதி, குருவையாவின் மனைவி, "அடப்பாவமே, காலு வலிச்சிருக்குமே" என்று சொல்லி விளிம்புக் கல்லில் மஞ்சள் தடவினாள். இந்த ஊர்ச் சுவர் ஒன்று இல்லாமல் இருப்பது நன்றாக இல்லை என்று சாயந்தரத்துக்குள் ஹாலோபிளாக் கல் வாங்கிக் கைப்பிடிச் சுவர் கட்டினார்கள்.

குருவையா மேலே வரும்போது ஒரு வாளித் தண்ணீரும் வந்தது. அவர் குடித்தார். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தேன் என்று சொல்ல முடியாது, காட்டு வெயிலில் நடந்து வந்தவனுக்கு மண்பானைத் தண்ணீர் இனிக்குமே, அந்த இனிப்பு. பங்காளிகள் கை கையாக வாங்கிக் குடித்து, ஆமாம் என்றார்கள், இனிப்புதான் என்றார்கள். புளிமூட்டையார் வீட்டு ஆள் ஒருவர் ஆசைப்பட்டு ஒரு வாய் குடித்துவிட்டு, "யய்யா, கடல் தண்ணி!" என்று துப்பினார். தேன்கிணற்றார் வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கும் உப்பாகத்தான் இருந்தது. பிறந்த ரத்தத்துக்கு இனிப்பு, மற்றவர்களுக்கு உப்பு என்று சீக்கிரத்தில் தெளிவாகிவிட்டது.

செம்பு கடைசியில் வெயிலுமுத்துவிடம் வந்தது. அவர் கிழக்கே பார்த்து நின்று, அய்யாவை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு மடக்குக் குடித்தார்.

உப்பு. நாக்கு சுருண்டுகொள்ளும் உப்பு.

தெரு முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விழுங்கினார். "இனிப்பு" என்றார். பக்கத்தில் நின்ற நாகஜோதி செம்பை வாங்கிக் குடித்தாள், அப்பாவைப் பார்த்தாள், "ஆமாப்பா, இனிப்பு" என்றாள். குலவை போட்டார்கள்.

அதன் பிறகு வெள்ளைக்கரடு கிணற்றைத் தன் வழக்கத்துக்குள் சேர்த்துக்கொண்டது. மினி பஸ் டிரைவர் ரெண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, தெருவுக்குள் வராமல் முக்கிலேயே திரும்பி, அந்த இடத்துக்குக் 'கிணத்து ஸ்டாப்பு' என்று பெயர் வைத்தார். பஞ்சாயத்திலிருந்து அளக்க வந்தவர்கள் நீள அகலம் எல்லாம் எடுத்துவிட்டு, வந்த கிணறு நாளைக்கே போகவும் கூடும், போகிற பொருளுக்கு வரி போட்டால் பின்னால் தொந்தரவு என்று திரும்பிப் போய்விட்டார்கள். செய்தி வாட்ஸப்பில் பரவி, சூரத்திலும் திருப்பூரிலும் தாராவியிலும் இருந்த தேன்கிணற்றார்கள் வேன் பிடித்து வந்து குடித்து, கேனில் பிடித்துக்கொண்டும் போனார்கள். பிஸ்கட் ஏற்றி வந்த ஆந்திரா டிரைவர் ஒருவர் முகம் கழுவ இறைத்து, குடித்துப் பார்த்து, "தீயகா உந்தி" என்று தன் பாஷையில் இனிப்பென்று சொல்லிவிட, அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட வைத்து, 'பெரியப்பா' என்று கூப்பிட்டு, பிஸ்கட்டையும் இறக்கிக்கொண்டு, மறுநாள்தான் அனுப்பினார்கள்.

சமையலில்தான் சங்கடம் வந்தது. வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்குத் தண்ணீரே உப்பு, ஆகவே உலையில் உப்புப் போட மாட்டார்கள். அதே குழம்பு ஆண்களுக்குச் சப்பென்று இருக்கும். தெருவில் வீட்டுக்கு வீடு தட்டுகள் பறந்தன. பிறகு, இலையில் உப்பைத் தனியாக வைத்துவிடுவது, வேண்டுகிற ஆள் தொட்டுக்கொள்வது என்று ஒரு வழிக்கு வந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் வந்தது, அதை யாரும் சத்தமாகப் பேசவில்லை. புளிமூட்டையார் வீட்டு இரண்டாவது பையன் ஒருநாள் விளையாட்டாகக் குடித்துவிட்டு, துப்பாமல், முகம் மாறி, செம்பை வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். அதேபோல ஒரு தேன்கிணற்று வீட்டிலும், பிள்ளை குடித்துவிட்டுத் துப்பப்போக, தாய் அவன் வாயைப் பொத்தினாள். அன்றைக்கே முப்பிடாதி கிணற்றடியில் நின்று, "இந்தத் தண்ணியக் குடிச்சுப் பாருன்னு இனி ஒருத்தரும் ஒருத்தரையும் கேக்கக்கூடாது. கேட்ட வாயில வெளக்கமாத்தாலதான் பேசுவேன்" என்றாள். ஆம்பளைகளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தச் சட்டம் வெயிலுமுத்துவுக்குக் குடையாக இருந்தது. அவரை யார் கேட்கப்போகிறார்கள்? அவருக்குக் கிணற்றடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் வழி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், இப்போது பொங்கல் பானையைப் பார்க்காமல் அவர் வாயைப் பார்த்துக் கேட்டார்கள். சொல்லி முடித்ததும் மரியாதையாக ஒரு செம்புத் தண்ணீர் நீட்டினார்கள். அவர் அத்தனையையும் சிரித்துக்கொண்டே குடித்தார். உப்புத் தண்ணீர் குடித்துச் சிரிக்கிற மனிதனுக்கு மேலுதடு கொஞ்சம் இறுகும். பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

சித்திரையில் திருமேனி வந்தான். நாகஜோதியை அவனுக்கு நிச்சயம் செய்து, வைகாசியில் கல்யாணம் என்று பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. ஊத்துப்பட்டியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான், பனையடியார் வகையறா, நல்ல பிள்ளை. பால் சங்கத்தில் வேலைபார்க்கும் நாகஜோதி, அளவுக்குவளையை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து ஊரே தெரிந்துவைத்திருந்தது. தாலிக்குப் பொன்னுருக்க நாள் பேசுவதற்காக அப்பா அம்மாவோடு வந்து இறங்கினான். நல்ல உச்சி வெயில். குடிக்கச் சொல்லக்கூடாது என்றுதான் ஊரில் சட்டம், குடிக்கிறவனைத் தடுக்கச் சட்டம் இல்லை. அவன் பாட்டுக்கு ஒரு வாளி இறைத்து, வாளியிலேயே வாய் வைத்து, மூச்சு விடாமல் குடித்துவிட்டு, புறங்கையால் துடைத்தான்.

"என்ன மாமா, இளநி மாதிரில்லா இருக்கு!"

திருமேனியின் அம்மா வாங்கிக் குடித்து, "உப்புல்லா கரிக்கி" என்று துப்பினாள். அவன் அப்பா குடித்து, இன்னும் கொஞ்சம் குடித்து, இனிப்புதான் என்றார். வாசலில் பலகாரத் தட்டோடு நின்ற நாகஜோதி அப்படியே உள்ளே போய்விட்டாள்.

விஷயத்தைக் குருவையாதான் அவிழ்த்தார். சூளைக்காட்டில் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள் அல்லவா? ஒருவன் புறப்பட்டு வந்தான்; மற்றவன் என்ன ஆனான்? ஒரு பனைக்கு அடியில் குடிசை போட்டிருக்கிறான், பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். "பனையடியார் நம்ம பங்காளிதான், அண்ணே. காணாமப் போன பாதி கிடைச்சிருச்சு!" என்று அவர் சந்தோஷத்தில் திருமேனியைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட பிறகுதான் அவருக்கு அடுத்தது உறைத்தது. "கல்யாணம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பேச்சு முடித்துவிட இரண்டு நாள் கழித்து மத்தியானம் அவர் வெயிலுமுத்து வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு நேரம், இலை போட்டார்கள். இரண்டு பேருக்கும் நாகஜோதி சோறும் ரசமும் பரிமாறினாள். குருவையா பிசைந்துகொண்டே சொன்னார்: "பழைய வழக்கம் இருக்குல்லா, அண்ணே. நிச்சயம் பண்ணின பெறவு பங்காளின்னு தெரிஞ்சா, எல்லாரும் பாக்க பிள்ள அவன ஒரே ஒருதடவ 'அண்ணே'ன்னு கூப்பிட்டு வெத்தல குடுத்துரணும். அதோட கணக்கு தீந்துச்சு. அது நடக்காம ரெண்டு பேருக்குமே வேற எடம் பாக்க முடியாது. ஞாயித்துக்கெழம கிணத்தடியில வச்சுருவோம்." சொல்லிவிட்டு ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். நிறுத்தினார்.

"ஏம்மா, ரசத்துல உப்பே இல்லையே?"

நாகஜோதி ரசச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுலதான் ஒங்க சித்திக்கு உப்பு தெரியல. நீ நம்ம பிள்ளைல்லா, ஒனக்குமா தெரியல?"

"மறந்துட்டேன் சித்தப்பா" என்றாள். உப்பு ஜாடியை எடுத்து வந்து அவர் இலையில் ஒரு கரண்டி வைத்தாள். அப்பாவின் இலைப் பக்கம் திரும்பவே இல்லை.

வெயிலுமுத்துவுக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. கிணறு வந்ததிலிருந்து அந்த வீட்டு இலையில் உப்பு வைத்ததே இல்லை. அவரும் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவளுக்குத் தண்ணீர் உப்பு என்று அவருக்கு இன்றைக்குத் தெரிகிறது. அவர் உப்புக் கேட்காமல் சாப்பிட்ட முதல் நாளே அவளுக்கு அவரைத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே வாய் திறக்காமல் பரிமாறியிருக்கிறாள்.

குருவையா கைகழுவிப் போன பிறகு அவர், "எனக்குத் தெரியாமப் போச்சேம்மா" என்றார்.

"தெரிஞ்சு என்னப்பா செய்ய?" அவள் இலையை மடித்தாள். "நீங்க இனிப்புன்னு சொல்லியாச்சு. இனி நான் மட்டும் உப்புன்னு சொன்னா, அம்மாவல்லா ஒரு மாதிரிப் பேசுவாக. செத்துப்போனவ வந்து பதில் சொல்லுவாளா?" இலை கிடந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே, "நீங்க சொல்லணும்னு நான் கேக்கல" என்றாள். இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், அங்கேயே ரொம்ப நேரம் நின்றாள்.

அவர் மில்லில் போய் உட்கார்ந்தார். வழக்கம்போல வாய் வழியைச் சொல்ல ஆரம்பித்தது, ஆனால் அன்றைக்கு முதன்முதலாக அவர் அந்த ஊர்களைப் புதிதாகப் பார்த்தார். நம் பாட்டன் பூட்டனில் ஒருவன் இதில் எந்த ஊரில் வந்து ஒட்டிக்கொண்டான்? கடல் ஏறிய சிப்பிக்கரையில் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டு, போகிற கூட்டத்தின் பின்னாலேயே நடந்தானா? செம்புறைமேட்டில் காய்ச்சலுக்குப் பயந்து எல்லாரும் விலகியபோது, யாராவது ஒரு வாய்க் கஞ்சி கொடுத்ததால் கூடவே வந்தானா? கருங்கல்பாறையில் மூட்டை தூக்க ஆள் தேவைப்பட்டதா? பெயர் கேட்டவனிடம், முன்னால் போகிறவர்களின் பெயரையே தன் பெயராகச் சொன்னானா? சொன்ன பெயரை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான், மற்றவர்களெல்லாம் மறந்த வழியை அவன் பிள்ளைகள் மறக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார்களா? யோசிக்க யோசிக்க அவருக்கு ஆச்சரியமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்தப் பெயரைக் கழற்றி வைத்தால் தான் யார் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் பெயரில்லாமல் தெருவில் நிற்பது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு அரைத்த மாவெல்லாம் குருணையாக விழுந்தது, பெண்கள் திட்டிக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றைச் சுற்றி நிழல் பந்தல் போட்டிருந்தார்கள்; ஒரு பக்கம் திருமேனி வீட்டார், ஒரு பக்கம் தேன்கிணற்றார் ஆண்கள், பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்கள். நடுவில் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை. திருமேனி சவரம் செய்யாத முகத்தோடு தரையைப் பார்த்து நின்றான். நாகஜோதி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போனாள். மகராசி, அழக்கூட இல்லை. "சொல்லும்மா, ஒரு வார்த்தைதான்" என்றார் குருவையா. அவள் வாயைத் திறந்தாள்.

"பொறு" என்றார் வெயிலுமுத்து.

நாற்காலியிலிருந்து எழுந்து போய், தானே ஒரு வாளி இறைத்து, எல்லாரும் பார்க்கும்படி இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார். குடித்ததைத் துப்பினார். தேன்கிணற்றார் வகையறாவில் அந்தத் தண்ணீரைத் துப்பிய ஆண்பிள்ளை அதுவரை யாரும் இல்லை.

"உப்பு" என்றார். "மொத நாளே உப்புத்தான். பொய் சொல்லிட்டேன். நான் ஒங்க ரத்தம் இல்ல. எந்த ஊர்ல யாரு வந்து ஏறிக்கிட்டாவுளோ, எனக்குத் தெரியாது. எம்பிள்ள அந்தப் பையனுக்குத் தங்கச்சி இல்ல."

நாகஜோதி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, அதே வாளியிலிருந்து குடித்து, முகத்தைச் சுளித்து, சத்தமாக, "எனக்கும் உப்புத்தான்" என்றாள். சொல்லிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

குருவையாவுக்குக் கோபம் வந்தது, கோபத்துக்கு மேலே வருத்தம் வந்தது. இத்தனை வருஷமாகத் தங்கள் வழியைத் தங்களுக்குச் சொன்னவர் வழிப்போக்கர். ஆனால் நியாயம் நியாயம்தான். "அப்பக் கல்யாணம் நடக்கட்டும்" என்றார். "பையன் நம்ம ரத்தம். நாமெல்லாம் மாப்ள வீடு." என்று திருமேனி பக்கமாகப் போய் நின்றார். முறைப்படி அதுதான் சரி, ஆகவே ஒருவர் பின் ஒருவராக எல்லாப் பங்காளிகளும் அந்தப் பக்கம் போனார்கள். போகிறவர்கள் வெயிலுமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பந்தலின் ஒரு பாதி நிறைந்து வழிய, மறுபாதியில் ஒரு மனிதரும் அவர் மகளும் மட்டும் நின்றார்கள். பெண் வீட்டுத் தாம்பாளத்தைச் சுற்றத்தார் ஐந்து பேராவது பிடித்துக் கொடுக்க வேண்டும், தகப்பன் தனியாகக் கொடுத்தால் அது அநாதைப் பெண்ணைத் தாரைவார்ப்பது. குருவையா அதைச் சொல்வதற்காக, "அண்—" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இனி அப்படிக் கூப்பிட முடியாது. வேறு எப்படிக் கூப்பிடுவது? முறை இல்லாத மனிதரோடு அந்த ஊரில் யாரும் பேசிப் பழகியதில்லை.

பெண்கள் கூட்டத்திலிருந்து முப்பிடாதி வெளியே வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, புருஷனுக்கு அண்ணன் என்பதால் வெயிலுமுத்துவை "அத்தான்" என்று கூப்பிட்டு, அவர் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கிப் போகிறவள். நேரே போய், கீழே இருந்த தாம்பாளத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, அதன் ஒரு ஓரத்தைப் பிடித்தாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் நான் பிடிக்கேன்."

தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"என்ன அப்பிடிப் பாக்கிய? எனக்கும் இந்தத் தண்ணி உப்புத்தான். எங்கயோ கெடந்து வந்து இந்தப் பேர்ல ஏறிக்கிட்டவுகதான நாங்களும்? நாங்க ஏறலாம், அவுக ஏறக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு, பின்னால் திரும்பி, "ஏட்டி, உப்புக் கரிக்கிறவளெல்லாம் இங்க வாங்கட்டி!" என்று ஒரு அதட்டல் போட்டாள். அவ்வளவுதான். மேலத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் எல்லாரும், கிழவிகளும் நேற்று வந்த மருமகள்களும், இடுப்பில் பிள்ளையோடும் கையில் விசிறியோடும் பந்தலைக் கடந்து வந்தார்கள். அண்ணே என்றார்கள், மூத்தவர்கள் தம்பி என்றார்கள், நாகஜோதியை மருமகளே என்றார்கள். திருமேனியின் அம்மாகூட ஒரு நிமிஷம் கால் எடுத்து வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் தாய் என்பது நினைவு வந்து நின்றுகொண்டாள். தாம்பாளத்தில் பிடிக்க இடம் இல்லாமல் கைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"அங்க நின்னு என்ன முழிக்கிய?" என்று முப்பிடாதி புருஷனைக் கேட்டாள். "ஒம்ம பொண்டாட்டிக்கு அண்ணன்னா ஒமக்கு என்ன முறை? மாப்ள வீட்டுல பெரிய மனுசன் நீருதான? முறையாக் கேளும்."

குருவையா துண்டை உதறித் தோளில் போட்டார், பிறகு தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் அப்படிப் பணிந்து நின்று ஊர் பார்த்ததில்லை. இரண்டடி முன்னால் வந்தார்.

"மச்சான்" என்றார். முதல்தடவை என்பதால் சொல் கொஞ்சம் தடுக்கியது. "மச்சான், எங்க பையனுக்கு ஒங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கோம். குடுப்பியளா?"

வெயிலுமுத்துவின் வாயில் இன்னும் உப்பு போகவில்லை. முந்தின நிமிஷம் வரைக்கும் ஒரு கூடப்பிறந்தவள்கூட இல்லாத மனிதர், தன்னைச் சுற்றி நின்ற அத்தனை தங்கச்சிகளையும் அக்காள்களையும் ஒரு தடவை பார்த்தார்.

"எந்தங்கச்சிமாரக் கேட்டுச் சொல்லுதேன் மச்சான்" என்றார்.